கையைப் பின்னால் கட்டிக்கொண்டவன்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டு, "முக்கியமானதை மட்டும் மறைச்சுட்டீங்களே" என்பாள். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கடைசி ஏழு வருடம் குன்னூருக்கு மேலே ஒரு முகாமில் பயிற்சி கொடுக்கும் வேலை. பயிற்சி கொடுப்பவனைப் பட்டாளத்தில் 'உஸ்தாத்' என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

ஆனால் இது என்னைப் பற்றியது அல்ல. எனக்கு ஒரு படி கீழே நாயக்காக இருந்த ஒருவனைப் பற்றியது. கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பம். பெயரை எழுதினால் அவனுக்குப் பிடிக்காது. கோத்தகிரிக்காரன் என்றே எழுதுகிறேன். நான்கு வருடம் என்னோடு வேலை செய்தான். வேறு நாட்டுப் படைக்குப் பயிற்சி கொடுப்பது என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அவனால்தான். அதுவும் என் கால் ஒடிந்த பிறகுதான் விளங்கியது.

கடல் தாண்டி ஒரு சின்ன நாடு. அங்கிருந்து இருபத்து நான்கு சிப்பாய்கள் எங்கள் முகாமுக்கு வந்தார்கள். மலையில் அடிபட்டவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவது எப்படி என்பதுதான் பாடம். இரண்டு மாதம். அவர்களில் மூத்தவரான ஒரு சார்ஜென்ட்தான் தலைவர். நாற்பது வயது இருக்கும், பனைமர உயரம், ஒரு வார்த்தை பேச அரை நிமிடம் எடுத்துக்கொள்வார். வகுப்புகளுக்கு நான் பொறுப்பு, கோத்தகிரிக்காரன் எனக்கு உதவி, எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மேஜர்.

அவர்கள் வருவதற்கு முன்னால், வெளிநாட்டவருக்குப் பயிற்சி கொடுக்கும் முறை பற்றி எங்களுக்கே ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். நான் பாதியில் தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தால் இவன் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அவர்கள் மொழியில் 'தண்ணி', 'மெதுவா', 'வலிக்குதா', 'சாப்பிட்டாச்சா' என்பதற்கெல்லாம் என்ன சொல் என்று தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான்.

"எதுக்குடா இது? நமக்கு இங்கிலீஷ் இருக்கில்ல?" என்றேன்.

"வலிக்கறப்ப யாருங்கண்ணா இங்கிலீஷ்ல கத்துவாங்க?" என்றான்.

முதல் நாள் நான் மடக்கு ஸ்ட்ரெச்சரை விரித்துக் காட்டினேன். அலுமினியக் கால், கிளிப்பு, பட்டை எல்லாம் பளபளவென்று இருந்தது. அவர்களும் தலையை ஆட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் இவன் சார்ஜென்ட்டிடம் போய், உங்கள் ஊரில் எதில் தூக்குவீர்கள் என்று கேட்டிருக்கிறான். கம்பளி, இரண்டு கம்பு, சில சமயம் அதுவும் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் இவன் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பழைய தேயிலைச் சாக்கு பத்தும், சவுக்குக் கம்பு ஒரு கட்டும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

"என்னடா, சந்தைக்குப் போறியா?"

"அந்த ஸ்ட்ரெச்சர் அவுங்க ஊர்ல இல்லைங்கண்ணா. திரும்பிப் போனா வெறுங்கையோடதான் மலை ஏறணும். இருக்கறதை வெச்சுச் சொல்லித் தந்தாத்தானுங்க அங்க போயி நிக்கும்."

அவனுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் சமையற்கட்டுக்குப் பின்னால் சார்ஜென்ட்டோடு டீ குடித்துக்கொண்டே அடுத்த நாள் பாடத்தை அவருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுவான். காலையில் சார்ஜென்ட்தான் தன் ஆட்களுக்கு அதைச் செய்து காட்டுவார். இவன் கடைசி வரிசைக்குப் பின்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். ஏதாவது தப்பாகப் போனாலும் ஓடிப்போய் பிடுங்கிச் செய்ய மாட்டான். அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று நிற்பான். எனக்கோ பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

"சம்பளம் உனக்கு, வேலை அந்தாளுக்கா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவன் சிரித்தான். பிறகு சார்ஜென்ட் சொன்னதைச் சொன்னான். அவர் ஊர் மலையில் ஒரு மோதலில் அவருடைய ஆட்கள் இருவர் அடிபட்டிருக்கிறார்கள். கீழே கொண்டுவரத் தெரியாமல் இரண்டு பேருமே வழியில் போய்விட்டார்கள். "இந்தக் கோர்ஸுல உஸ்தாத் கிரேடு கெடைச்சா, அவுங்க ட்ரெய்னிங் ஸ்கூலுக்குப் போயி எல்லாக் கம்பெனிக்கும் இதைச் சொல்லித் தருவாருங்க. கெடைக்கலைன்னா மறுபடி எல்லைக் காவல்தானுங்க. அந்த ஒரு காயிதத்துக்காகத்தான் வந்திருக்காரு." அந்தக் கிரேடைப் போடவேண்டிய கை என்னுடையது.

மூன்றாவது வாரம். சாரல். எஸ்டேட் சரிவில் ஸ்ட்ரெச்சர் இறக்கும் வகுப்பு. கீழே இறங்கும்போது அடிபட்டவனின் கால் முன்னால் போகவேண்டும், இதுதான் நான் சொல்லிக் கொடுத்த விதி. அடிபட்டவனாக நடிக்கும் சிப்பாயின் சட்டையில் அவனுக்கு என்ன காயம் என்று ஒரு சீட்டுக் குத்தியிருப்போம். நான் கீழே நின்று "காலை முன்னால!" என்று கத்திக்கொண்டிருந்தேன். மற்ற கோஷ்டிகள் அப்படியே வந்தன. சார்ஜென்ட்டின் கோஷ்டி மட்டும் உச்சியில் நின்றது. சீட்டைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைத் திருப்பச் சொன்னார். தலை முன்னால் வர, நிதானமாக இறங்கி வந்தார்கள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "பத்துக் குட்டிக்கரணம்" என்றேன்.

எங்கள் பட்டாளத்தில் இது சாதாரணம். கோஷ்டி தப்பு செய்தால் கோஷ்டித் தலைவனுக்குத் தண்டனை, அதுவும் கோஷ்டிக்கு முன்னாலேயே. நானும் எத்தனையோ முறை உருண்டிருக்கிறேன். சாயங்காலம் உஸ்தாதே தோளில் தட்டி டீ வாங்கித் தருவார், அதோடு போயிற்று. இவர்களுக்கும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சார்ஜென்ட் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்துச் சிப்பாயிடம் கொடுத்தார். ஈரப் புல்லில் பத்தும் போட்டார். அவ்வளவு உயரமான மனிதர் உருளும்போது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவருடைய ஆட்கள் இருபத்து மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுந்தார். கன்னத்தில் சேறு. தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு சல்யூட் அடித்தார்.

எல்லாரும் போனபிறகு கோத்தகிரிக்காரன் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். 'இடது கால் எலும்பு முறிவு' என்று அவன் கையெழுத்தில் இருந்தது.

"கால் ஒடிஞ்சவனை எறக்கறப்ப தலைதானுங்கண்ணா முன்னால போகணும். இல்லைன்னா ஒடம்புப் பாரமெல்லாம் ஒடிஞ்ச கால் மேல எறங்கும். நம்ம புஸ்தகத்துலயே இருக்குதுங்க. அவரு செஞ்சது சரிங்க."

"சரியோ தப்போ, சொன்னதைச் செய்யணும். அப்புறம் கேக்கணும்" என்றேன். சீட்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குப்பையில் போட மனசு வரவில்லை. அது ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. நில் என்றால் நின்றார்கள், தூக்கு என்றால் தூக்கினார்கள். கேள்வி கிடையாது, சிரிப்பு கிடையாது, அவர்களுக்குள் கிண்டல் கிடையாது. சார்ஜென்ட் சாயங்கால டீக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

"பாத்தியா, அடங்கிட்டானுங்க" என்றேன் பெருமையாக.

"அடங்கலைங்கண்ணா. நம்மளை விட்டுட்டாங்க" என்றான்.

அவன் சொன்னதுதான் உண்மை. அவர்கள் ஊரில் சார்ஜென்ட் என்றால் தகப்பன் மாதிரி. தனியாகக் கூப்பிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டலாம், காது கொடுத்துக் கேட்பார். பிள்ளைகளுக்கு முன்னால் தகப்பனை உருட்டிவிட்டு, பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்றால் யார் கேட்பார்கள்? "எல்லார் முன்னாலயும் நடந்ததுங்க. எல்லார் முன்னாலதாங்க சரி பண்ணணும்" என்றான்.

"நான் மன்னிப்புக் கேக்கணுமா? போடா, வேலையப் பாரு."

வீட்டுக்குப் போய் இதை நானே ஜம்பமாகச் சொன்னேன். என் வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவருமே சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பங்களில் பிறந்தவர்கள். காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தைப் பெரட்டு என்போம். எனக்கு ஒன்பது வயதில், கொழுந்து நிறை குறைந்தது என்று என் அப்பாவை அந்தப் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் முட்டி போட வைத்தார் ஒரு சூப்பர்வைசர். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கே நின்றேன்.

வீட்டுக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்கப்பா பெரட்டுல முட்டி போட்டதை எத்தனை தடவை சொல்லி அழுதிருக்கீங்க? இப்ப நீங்களே அந்த சூப்பர்வைசராயிட்டீங்க. நல்லா இருக்குது."

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். மறுநாள் போய், அந்தக் கோபத்தில், சார்ஜென்ட்டுக்குக் கிரேடு போடும் படிவத்தில் பென்சிலால் எழுதினேன்: 'கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. பயிற்றுநராகத் தகுதி இல்லை.' கடைசி வாரத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதைக் கோத்தகிரிக்காரன் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னைப் பத்தி என்ன வேணா எழுதுங்கண்ணா. இதை மட்டும் கொஞ்சம் பொறுத்து எழுதுங்க" என்றான்.

அவன் மேஜரிடம் போய் வத்தி வைக்கவில்லை. அவன் செய்தது வேறு. சார்ஜென்ட்டிடம் போய், உங்கள் ஊரில் ஆளை முதுகில் துணியால் கட்டித் தூக்குவீர்களாமே, அதை எனக்குச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டான். அவர் முதலில் மாட்டேன் என்றிருக்கிறார். மூன்று நாள் கேட்டிருக்கிறான். நான்காம் நாள் மைதானத்தில் ஒரு தடித்த சிப்பாயை இவன் முதுகில் கட்டிவிட்டார்கள். இவன் நான்கு அடி வைத்துவிட்டு மூட்டை மாதிரி குப்புற விழுந்தான். பத்து நாளாகச் சிரிக்காதவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சார்ஜென்ட் வந்து முடிச்சை அவிழ்த்து, இப்படி இல்லை, இப்படி என்று பொறுமையாகக் கட்டிக் காட்டினார். நான் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பொறாமையாக இருந்தது, வேறென்ன.

அதிலிருந்து அவர்களுக்கு உயிர் வந்தது, ஆனால் அவனிடம் மட்டும். நான் வந்தால் மறுபடி மரக்கட்டைகள்தான்.

கடைசி வாரம் ஒத்திகை. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. எஸ்டேட் சரிவில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், பின்னால் திரும்பி அவர்களைத் திட்டிக்கொண்டே. தேயிலை வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் வடியக் கான் வெட்டியிருப்பார்கள். முழங்கால் ஆழம் இருக்கும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான், கான் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே அதில் போய் விழுந்தேன். இடது கால் உள்ளே மாட்டி, உடம்பு வெளியே சாய்ந்தது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா என்று கத்தினேன்.

ஜீப் நிற்கும் பாதை கீழே அரை மணி நேர இறக்கம். போனில் சிக்னல் இல்லை. கோத்தகிரிக்காரன் கடைசியில் வந்துகொண்டிருந்தவன், செடிகளை இடித்துக்கொண்டு ஓடி வந்தான். என் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நின்றான். என் காலைப் பார்த்தான். சார்ஜென்ட்டைப் பார்த்தான். பிறகு ஒரு அடி பின்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"டேய்! என்னடா பாத்துட்டு நிக்கற? தூக்கச் சொல்றா!"

"அவரு பாத்துக்குவாருங்கண்ணா" என்றான்.

சார்ஜென்ட் மண்டி போட்டார். என் காலைத் தொடுவதற்கு முன்னால், "வலிக்குதுங்களா?" என்று கேட்டார். தமிழில், அதுவும் கோத்தகிரித் தமிழில். கம்பு வைத்துக் கழுத்துத் துணியால் காலைக் கட்டினார். ஒத்திகைக்குக் கொண்டுவந்த இரண்டு சாக்குகளின் அடியைக் கிழித்துக் கம்புகளை நுழைத்து, பேச்சே இல்லாமல் ஆறு பேர் என்னை அதில் எடுத்துக் கிடத்தினார்கள். கிடத்திய விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? சரிவு குறைவாக இருந்தவரை கால் முன்னால்தான் போனது; செங்குத்தான இடம் வந்ததும், பழக்க தோஷம், "காலை முன்னால! காலை முன்னால!" என்று கத்தினேன்.

சார்ஜென்ட் கையைத் தூக்கினார். எல்லாரும் நின்றார்கள். என் முகத்துக்கு நேரே குனிந்து, "பேசாம படுங்க, உஸ்தாத்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள். தலை முன்னால் இறங்க ஆரம்பித்தார்கள்.

அப்போது தெரிந்தது எனக்கு. அதுவரை ஒவ்வொரு அடிக்கும் ஒடிந்த எலும்பில் ஏறிக்கொண்டிருந்த என் உடம்பின் பாரம் அப்படியே தோளுக்குப் போயிற்று. வலி பாதியாகக் குறைந்தது. சவுக்கு மரங்கள் தலைகீழாக மேலே போய்க்கொண்டிருந்தன. சட்டைப் பையில் அந்தக் கசங்கிய சீட்டு இருந்தது. பல நாளாக ஒவ்வொரு சட்டையிலிருந்தும் எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொண்டிருந்தேன். இடது கால் எலும்பு முறிவு. அதற்காகத்தான் அந்த மனிதரை உருட்டினேன். அழுதுவிட்டேன். வலியால் அழுகிறான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பாதி அதுதான்.

ஜீப்பில் கோத்தகிரிக்காரன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டான். தண்ணீர் கொடுக்கும்போது அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் நான்கு நான்கு நகக் குறி, தோல் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அரை மணி நேரமும் பின்னால் கட்டிய கையை அப்படி இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஏண்டா, நீயே தூக்கியிருக்கலாமில்ல?"

"தூக்க ஆளு இருந்தாங்க இல்லைங்களா" என்றான். தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "அந்த எடத்துல நான் கைய வெச்சிருந்தா, ரெண்டு மாசம் நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் பொய்யின்னு ஆயிருக்குங்கண்ணா" என்றான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கூடவே ஒரு ரப்பரும். பென்சிலில் எழுதியதை அழித்துவிட்டு, பேனாவால் 'பயிற்றுநர் தகுதி: உண்டு' என்று எழுதினேன். காரணம் எழுதும் இடத்தில், 'என்னைத் தூக்கி வந்தார்' என்று எழுதினேன். மேஜர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம்.

வழியனுப்பும் நாளில், ஊன்றுகோலோடு போனேன். மேஜரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இருபத்து நான்கு பேருக்கும் முன்னால் நின்றேன். என் பட்டாள இங்கிலீஷில் சொன்னேன்: "அன்றைக்கு உங்கள் சார்ஜென்ட் செய்தது சரி. நான் சீட்டைப் படிக்காமல் தண்டித்தேன். தப்பு என்னுடையது. அந்தப் பத்துக் குட்டிக்கரணமும் என்னுடையது. கால் ஆறியதும் போடுகிறேன்." பையிலிருந்து சீட்டை எடுத்துச் சார்ஜென்ட்டிடம் கொடுத்தேன்.

அவர் அதை விரித்துப் படித்தார். ஒரு வார்த்தைக்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்பவர் அல்லவா, நான் வேர்த்துப்போய் நின்றேன். "பத்து வேண்டாம், உஸ்தாத். உங்கள் வயதுக்கு ஐந்து போதும்" என்றார். வரிசையே குலைந்து சிரித்தது. என் வீட்டுக்காரியிடம் அன்றைக்குச் சொன்னபோது, அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதத்தில் கோத்தகிரிக்காரன் பெயர் இல்லை. சண்டை போட்டு நுழைக்கப் பார்த்தேன். வேண்டாங்கண்ணா என்று தடுத்தவன் அவனேதான். இன்றைக்கும் எனக்கு அதில் ஆறவில்லை.

போன மாதம் சார்ஜென்ட் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவர் ஊர் மலை. சிப்பாய்கள் சாக்கிலும் கம்பிலும் ஓர் ஆளை இறக்கிக்கொண்டு வருகிறார்கள். இருபது வயதுகூட இருக்காது, ஒரு பெண் சிப்பாய் முன்னால் நின்று கட்டளை கொடுக்கிறாள். சார்ஜென்ட்டைக் காணவில்லையே என்று தேடினேன். ஓரமாக, ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

உடனே அதைக் கோத்தகிரிக்காரனுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறான், எங்கேயோ வடக்கே. "பாத்தியாடா? நல்லாப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தனுங்கண்ணா, நாலு தடவை பாத்தேன்" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். "கால்ல கட்டுப் போட்டிருக்குது, தலை முன்னால போகுதுங்க. அந்தப் புள்ள சீட்டைப் படிச்சுட்டுத் திருப்பச் சொல்லுது பாருங்க."

பாறைக்குப் பக்கத்தில் நின்றவரை அவன் கவனிக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.